ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் போன வழி

அக்கா ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பியிருந்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, நீ ஒருதரம் பார், அப்புறம் பேசலாம் என்று கூடவே ஒரு வரி. கூடத்தில் ஒரு டேப்லெட் இருக்கிறது, சும்மா இருக்கும் நேரத்தில் குடும்பப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டட்டும் என்று நான்தான் வைத்தேன். மறுநாள் மாலை அதில், பழைய பயணப் படம் ஒன்றுக்கும் குழந்தையின் பிறந்தநாள் படம் ஒன்றுக்கும் நடுவே, அந்த ரிப்போர்ட் வந்து நின்றது. ஏழெட்டு வினாடிதான். அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

அன்று இரவு அக்கா போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "உன்கிட்ட மட்டும்தானே அனுப்பினேன்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. என்க்ரிப்ஷன் இருக்கிறது, நடுவில் யாரும் படிக்க முடியாது என்று அவளுக்குப் பல தடவை சொன்னவன் நான். சொன்னது பொய்யும் இல்லை. ஆனாலும் படம் கூடத்துக்கு வந்துவிட்டது. அது எப்படி வந்தது, வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது, இதே மாதிரி இன்னும் என்னவெல்லாம் ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று தேடி அடைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. வேலை முடிந்த வரிசையிலேயே எழுதுகிறேன். இதே ஓட்டைகள் உங்கள் போனிலும் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

முதலில் அந்தப் படம்

படத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே போனேன். டேப்லெட் தானாக எந்தப் படத்தையும் தேடிப் பிடிக்கவில்லை, கிளவுடில் இருக்கும் என் படத் தொகுப்பிலிருந்து எடுத்துத்தான் காட்டுகிறது. கிளவுடுக்கு அது என் போனிலிருந்து ஏறியிருக்கிறது. போனின் கேலரிக்குள் அதை இறக்கி வைத்தது மெசேஜிங் செயலி. செயலியில் 'வரும் படங்களைக் கேலரியில் காட்டு' என்பது ஆன், படங்களைக் காக்கும் செயலியில் 'எல்லா ஃபோல்டர்களையும் ஏற்று' என்பது ஆன், டேப்லெட்டில் 'புதிய படங்களையும் சேர்த்துக்கொள்' என்பது ஆன். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே நல்ல வசதிகள். மூன்றையும் வெவ்வேறு வருடங்களில் நானே ஆன் செய்திருக்கிறேன், கடைசியாகச் செய்தது பழைய போன் தண்ணீரில் விழுந்து படங்கள் எல்லாம் போன பிறகு, இனி எதுவுமே தொலையக்கூடாது என்ற பதற்றத்தில்.

என்ட்-டு-என்ட் என்க்ரிப்ஷன் என்றால் அனுப்புகிறவர் போனில் பூட்டி வாங்குகிறவர் போனில் திறப்பது, நடுவில் இருக்கும் சர்வரிடம் சாவி கிடையாது. இதுவரைக்கும் எனக்குத் தெரியும். திறந்த பிறகு அந்தப் படம் போனில் கிடக்கும் இன்னொரு சாதாரண ஃபைல், அதைப் பேக்கப் செயலியோ கேலரியோ எடிட்டரோ எது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதை நான் யோசித்ததே இல்லை. ஃபைல் மேனேஜரில் அந்தச் செயலியின் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். வந்த படங்கள் ஒரு பக்கம், நான் அனுப்பியவை தனியாக ஒரு பக்கம், ஆறு வருடத்துச் சமாச்சாரம். யாரோ அவசரத்துக்கு அனுப்பிய அடையாள அட்டைகள், ஒரு நண்பனின் சம்பளச் சீட்டு, ஒரு உறவினரின் மருந்துச் சீட்டு. எல்லாம் என்னை நம்பி அனுப்பியவை, எல்லாம் கிளவுடில் வரிசையாக இருந்தன.

அழிப்பதற்கு ஒரு முழு சனிக்கிழமை போனது. போனில் அழித்தால் கிளவுடில் இருக்கிறது, கிளவுடில் அழித்தால் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும் என்கிறது, அதையும் காலி செய்த பிறகு டேப்லெட்டில் முன்பே இறக்கி வைத்த நகல் நிற்கிறது. கேலரியில் காட்டும் வசதியை அணைத்தால் அதற்குப் பிறகு வருகிற படங்களுக்குத்தான் அது பொருந்தும், பழையவை அப்படியே இருக்கும், இது தெரியாமல் அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பேக்கப்பில் கேமரா ஃபோல்டரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

இதே வேலையின்போது கண்ணில் பட்ட இன்னொன்று. படத்தைப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப், சிக்னல் போன்றவை அதைச் சுருக்கும்போது எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுகின்றன. தரம் குறையக்கூடாது என்று டாக்குமெண்டாக இணைத்து அனுப்பினால் ஃபைல் உள்ளபடியே போகும், இடமும் நேரமும் அதனுள்ளேயே இருக்கும். நான் வழக்கமாக டாக்குமெண்டாக அனுப்புகிறவன். கேமராவில் இடம் பதிவதை அன்றே நிறுத்தினேன்.

இணைத்துவிட்டு மறந்த கம்ப்யூட்டர்

ஒரு கதவு இப்படித் திறந்து கிடந்தால் மற்றவையும் கிடக்கும் என்று தோன்றியது. வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பக்கத்துக்குப் போனேன். போனோடு நான்கு சாதனங்கள் வரை சேர்க்கலாம். என் பட்டியலில் மூன்று இருந்தன. இரண்டு தெரியும். மூன்றாவது, பல மாதங்களுக்கு முன்னால் வேலை செய்த இடத்தில் எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கம்ப்யூட்டர், ஒரு ஃபைலை அச்சடிக்க வேண்டும் என்று க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தது நினைவுக்கு வந்தது. கடைசியாக இயங்கியது என்று காட்டிய நாள், நான் அந்த இடத்துக்குப் போகாத ஒரு நாள்.

அங்கே யாராவது உட்கார்ந்து படித்தார்களா, பிரவுசர் தானாகத் திறந்துகொண்டதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. வெளியேற்றுவதற்கு ஒரு தட்டு போதும், ஆனால் வெளியேற்றிய பிறகும் வயிறு பிசைந்துகொண்டே இருந்தது. கண்காணிப்பு என்றதும் நாம் அரசாங்கத்தையும் பெரிய கம்பெனிகளையும் நினைக்கிறோம். ஒருவரின் செய்திகளை ரகசியமாகப் படிக்க ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் அவருடைய போனைக் கையில் எடுக்கக்கூடிய தூரத்தில் இருப்பவர்தான். போனைத் திறந்து அரை நிமிடம் கிடைத்தால் போதும், ஒரு சாதனத்தை இணைத்துவிடலாம். எந்த என்க்ரிப்ஷனையும் உடைக்க வேண்டியதில்லை, இணைத்த கம்ப்யூட்டரும் முறைப்படியே செய்திகளைத் திறக்கக்கூடியதாகிவிடுகிறது. சிக்னலிலும் டெலிகிராமிலும் இதே மாதிரி பக்கம் உண்டு. மூன்றையும் மாதம் ஒருமுறை பார்க்க நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.

கூடவே வாட்ஸ்அப்பில் 6 இலக்க இரண்டு படிச் சரிபார்ப்பு எண்ணையும் போட்டேன், சிக்னலில் அதே மாதிரியான வசதிக்குப் பெயர் ரெஜிஸ்ட்ரேஷன் லாக். என் எண்ணுக்கு யாராவது வேறு சிம் எடுத்துவிட்டாலும், எஸ்எம்எஸ் கோடை ஏமாற்றி வாங்கிவிட்டாலும் கணக்கு கைமாறாமல் இருக்க அது வேண்டும்.

பேக்கப், 64 எழுத்துகள்

வாட்ஸ்அப்பில் எல்லாச் செய்திகளுக்கும் என்ட்-டு-என்ட் என்க்ரிப்ஷன் முழுமையாக வந்தது 2016 ஏப்ரலில். கிளவுடில் ஏறும் பேக்கப்பையும் அதே மாதிரி பூட்டும் வசதி வந்தது 2021 கடைசியில், அதுவும் நாமாகப் போய் ஆன் செய்தால்தான். எனக்கு அது தெரிந்தே இருந்தது, அப்புறம் செய்யலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். ஆன் செய்யாதவரை, செய்திகள் வழியெல்லாம் பூட்டிப் போய்விட்டுக் கடைசியில் நம் கிளவுட் கணக்கில் அந்தப் பூட்டு இல்லாமல் உட்காருகின்றன. கிளவுட் கம்பெனிக்கு உத்தரவு போனாலோ கணக்கின் பாஸ்வேர்ட் பிடிபட்டாலோ கதை முடிந்தது.

ஆன் செய்யும்போது பாஸ்வேர்டா, 64 எழுத்துச் சாவியா, பாஸ்கீயா (கைரேகை, முகம் அல்லது திரைப்பூட்டால் திறப்பது) என்று கேட்கும். நான் சாவியை எடுத்தேன், தாளில் எழுதி வீட்டில் வைப்பதுதான் எனக்குச் சரி என்று பட்டது. அதில் எண்களும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஏ முதல் எஃப் வரையும் கலந்து வரும். இங்கேதான் ஒரு விஷயம். எழுதி முடித்ததும் அடுத்த பொத்தானை அழுத்தாமல் தம்பியைக் கூப்பிட்டு, நீ திரையைப் பார்த்துப் படி, நான் தாளைப் பார்க்கிறேன் என்றேன். இரண்டு இடத்தில் இடித்தது. என் கையெழுத்தில் ஆங்கிலப் 'பி'யும் 6-உம் ஒரே மாதிரி இருக்கின்றன. அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் போன் தொலையும் நாளன்று அந்தத் தாளால் எந்தப் பிரயோஜனமும் இருந்திருக்காது, சாவி இல்லாவிட்டால் அந்தக் கம்பெனியாலும் பேக்கப்பைத் திறக்க முடியாது, முடியக்கூடாது என்பதுதானே ஏற்பாடே. திருத்தி, நான்கு நான்காகப் பிரித்து எழுதி, இரண்டு தாளில் இரண்டு இடத்தில் வைத்தேன்.

ஐபோன்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது, தம்பியின் போனைச் சரிசெய்யும்போது தெரிந்தது. செயலியின் பேக்கப்பைப் பூட்டினாலும், முழுப் போனையும் ஐகிளவுடில் பேக்கப் எடுக்கும் வசதி ஆன் ஆக இருந்தால் அரட்டைகள் அந்த வழியாகவும் போகும். ஒன்று அதை அணைக்க வேண்டும், இல்லை 2022 கடைசியில் ஆப்பிள் கொண்டுவந்த, ஐகிளவுட் பேக்கப்பையும் அதே மாதிரி பூட்டும் அட்வான்ஸ்டு டேட்டா புரொடக்‌ஷனை ஆன் செய்ய வேண்டும். அந்த வசதி கிடைக்காத நாடுகளும் உண்டு, பிரிட்டனில் புதிய பயனர்களுக்கு 2025 பிப்ரவரியில் அதை ஆப்பிள் நிறுத்திவிட்டது.

டெலிகிராமைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் சாதாரண அரட்டைகளும் குழுக்களும் சர்வரில்தான் இருக்கின்றன, போக்குவரத்தில் பூட்டு உண்டு, ஆனால் சாவி அவர்களிடம். தனியாக ரகசிய அரட்டை என்று ஆரம்பித்தால்தான் என்ட்-டு-என்ட், அது இருவருக்கிடையே மட்டும், குழுவுக்குக் கிடையாது. பாதுகாப்பான செயலி என்று நினைத்து அதில் நான் நிறையப் பேசியிருக்கிறேன். அவற்றைப் பொறுமையாக அழித்தேன்.

உறை மேல் என்ன எழுதியிருக்கிறது

வாட்ஸ்அப்பில் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்க ஒரு இடம் உண்டு. கேட்டால் தயாராக மூன்று நாள் ஆகலாம் என்கிறது. வந்த ஃபைலைத் திறந்தேன். செய்தி ஒன்றுகூட அதில் இல்லை, இருக்கவும் முடியாது. இருந்தது: என் போன் மாடல், ஐபி முகவரி (இணையத்தில் என் இணைப்பின் எண்), நான் இருக்கும் குழுக்களின் பெயர்கள், நான் தடுத்து வைத்தவர்கள், என் தொடர்புப் பட்டியலின் எண்கள். குழுப் பெயர்களை வரிசையாகப் படித்தபோதுதான் உறைத்தது. ஒரு நோயின் பெயரில் ஒரு குழு, ஒரு வழக்கு சம்பந்தமாக ஒரு குழு, ஒரு தொழிற்சங்கக் குழு. உள்ளே ஒரு வரி படிக்காமலே இவன் யார், எதற்குப் பயப்படுகிறான், யாரோடு சேர்ந்திருக்கிறான் என்று சொல்லிவிடலாம். கடிதம் ஒட்டியிருக்கிறது, உறை மேல் எல்லாம் எழுதியிருக்கிறது.

இந்த உறை மேல் விவரத்துக்குத்தான் மெட்டாடேட்டா என்று பெயர், அந்தச் சொல்லை 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் மூலம் அமெரிக்க உளவு ஆவணங்கள் வெளிவந்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என் பெயரில் ஒரு ஃபைலாகப் பார்த்தது இப்போதுதான்.

இந்த இடத்தில் சிக்னல் வேறுபடுகிறது என்பதற்கு ஒரு உறுதியான சாட்சி இருக்கிறது. 2016-இல் அமெரிக்காவில் ஒரு நீதிமன்ற உத்தரவு அவர்களுக்குப் போனது, குறிப்பிட்ட எண்களின் விவரங்களைக் கொடுங்கள் என்று. அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே இரண்டு: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாகச் சர்வரோடு இணைந்த நேரம். வேறு எதையும் சேர்த்து வைக்கவில்லை, அதனால் கொடுக்கவும் இல்லை. 2018-இல் அனுப்புகிறவர் யார் என்பதையே உறைக்குள் வைக்கும் ஏற்பாட்டையும் அவர்கள் சேர்த்தார்கள். செய்திகளைப் பூட்டும் நெறிமுறை வாட்ஸ்அப்புக்கும் சிக்னலுக்கும் அடிப்படையில் ஒன்றுதான், சிக்னல்காரர்கள் எழுதியது. வித்தியாசம் இந்த உறை விஷயத்தில்தான். அக்காவுடனான பேச்சைச் சிக்னலுக்கு மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தது அன்றுதான்.

லேப்டாப்பை நடுவில் வைத்துப் பார்த்தது

சொன்னதை நம்புவதைவிடக் கண்ணால் பார்க்கலாம் என்று ஒரு இரவு உட்கார்ந்தேன். லேப்டாப்பை வைஃபை ஹாட்ஸ்பாட் ஆக்கி, என் போனை அதில் சேர்த்து, அந்த இணைப்பில் போவது வருவதை வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பதிவு செய்தேன். இப்போது வைஃபை கொடுப்பவரின் இடத்தில் நான் இருக்கிறேன். போனில் மற்ற செயலிகளை எல்லாம் நிறுத்தியும் ஏதேதோ போய்க்கொண்டே இருந்தது, அதைத் தனியாகப் பிரிக்கவே முதல் ஒரு மணி நேரம் ஆனது.

செய்திகளில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. இது எனக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது, பூட்டு நல்ல பூட்டு. ஆனால் போன் எந்தச் சர்வரின் பெயரைத் தேடுகிறது என்பது டிஎன்எஸ் கேள்விகளில், அதாவது ஒரு பெயருக்கு உரிய முகவரி எது என்று போன் கேட்பதில், வெளிப்படையாகத் தெரிந்தது, எந்தச் செயலி பயன்படுகிறது என்பதை அந்தப் பெயர்களே சொல்லிவிடும். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஆன் செய்ததும் அந்தக் கேள்விகள் மறைந்தன, ஆனாலும் இணைப்பு தொடங்கும் முதல் பாக்கெட்டிலேயே, அதாவது முதல் தரவுப் பொட்டலத்திலேயே, சர்வர் பெயர் எட்டிப் பார்க்கும் இடங்கள் இருந்தன. தட்டச்சு செய்ய ஆரம்பித்தாலே ஒரு சிறு பாக்கெட் போகிறது, 'எழுதுகிறார்' என்று மறுமுனையில் காட்டுவதற்காக. எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்த செய்திக்கும் தடம் இருக்கிறது. படம் அனுப்பினால் பெரிய ஒரு வெடிப்பு. எப்போது, எவ்வளவு, எத்தனை நேரம் என்பதெல்லாம் தெரிகிறது. 'எழுதுகிறார்' வசதியை சிக்னலில் அணைக்கலாம், அணைத்தேன்.

எனக்குப் புதிதாக இருந்தது அழைப்புதான். தம்பிக்குச் சிக்னலில் வாய்ஸ் கால் போட்டு, வயர்ஷார்க்கில் ஸ்டன் என்ற நெறிமுறையை (இரண்டு போன்களும் நேராக இணைய வழி தேடும் முறை) மட்டும் வடிகட்டினேன். அவன் வீட்டு இணைப்பின் ஐபி முகவரி அப்படியே என் திரையில் நின்றது. அவனிடம் கேட்டுச் சரிபார்த்தேன், அதுவேதான். குரல் தாமதமில்லாமல் வர இரண்டு போன்களும் நேராகப் பேசிக்கொள்கின்றன, நேராகப் பேச வேண்டுமானால் முகவரி தெரிந்தாக வேண்டும். தம்பி என் முகவரியைத் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் விட்டு விலகி வந்த ஒருவரின் அழைப்பைத் தவிர்க்க முடியாமல் எடுக்கும் பெண்ணுக்கு இது பெரிய விஷயம், ஐபியை வைத்துத் தோராயமாக எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். சிக்னலில் எல்லா அழைப்புகளையும் சர்வர் வழியாக அனுப்பு என்று ஒன்று இருக்கிறது, வாட்ஸ்அப்பில் 2023 கடைசியில் அழைப்புகளில் ஐபி முகவரியைப் பாதுகாக்கும் வசதி வந்தது, பிரைவசி பகுதியில் அட்வான்ஸ்டு என்பதற்குள் இருக்கிறது. ஆன் செய்துவிட்டு மறுபடி அழைத்தேன். தம்பியின் முகவரி போய் ஒரு சர்வரின் முகவரி மட்டும் வந்தது. குரல் ஒரு பிசிறு தாமதமாகக் கேட்டது, அவ்வளவே.

நோட்டிஃபிகேஷன்

இது சின்ன வேலை, ஆனால் முதல் நாளே செய்திருக்க வேண்டியது. பூட்டிய திரையில் பெயரும் செய்தியும் தெரியாமல் செய்தேன். ஆண்ட்ராய்டில் நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி என்று ஒன்று ஆன் ஆகி இருந்தது, அனுப்பியவர் அழித்த செய்திகூட அதில் ஒரு நாள் வரை இருக்கும். அணைத்தேன்.

இதில் போனுக்கு வெளியேயும் ஒரு பகுதி உண்டு. நோட்டிஃபிகேஷன்கள் ஆப்பிள், கூகுள் சர்வர்கள் வழியாகத்தான் போனை எழுப்புகின்றன. அந்தப் பதிவுகளை அரசாங்கங்கள் கேட்டு வாங்குகின்றன என்பதை அமெரிக்க செனட்டர் ரான் வைடன் 2023 டிசம்பரில் நீதித்துறைக்கு எழுதிய கடிதத்தில் வெளிக்கொண்டு வந்தார். சிக்னல் போன்றவை அந்த வழியில் செய்தியை அனுப்புவதில்லை, 'எழுந்திரு, ஏதோ வந்திருக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டுச் செயலியே போய் எடுத்துக்கொள்கிறது. ஆனால் எந்த நேரத்தில் எழுப்பப்பட்டது என்ற தடம் அங்கே இருக்கத்தான் செய்யும். இதை நான் என் போனில் எதையும் மாற்றி அடைக்க முடியாது.

சொந்த சர்வர், அதில் நான் பார்த்தது

யாரிடமும் உறை இருக்கக்கூடாது என்றால் தபால் நிலையத்தையே நாம் நடத்தினால் என்ன என்று தோன்றியது. அலமாரியில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா இருந்தது. எக்ஸ்எம்பிபி என்பது யாரும் சொந்தமாக நடத்தக்கூடிய திறந்த மெசேஜிங் முறை, அதற்கான புரொசடி என்ற சர்வரை அதில் நிறுவி, ஒரு டொமைன் பெயரைச் சுட்டி, இணைப்பைப் பூட்ட லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்கிப் போட்டு, எல்லோர் போனிலும் கான்வர்சேஷன்ஸ் செயலியை ஓமெமோ என்ற என்ட்-டு-என்ட் என்க்ரிப்ஷனோடு அமைத்தேன். ஐபோன் வைத்திருக்கும் தம்பிக்கு வேறு செயலி. படம் அனுப்புவது முதலில் வேலை செய்யவில்லை, காரணம் தேட சர்வரின் லாகை, அதாவது நடப்பதை எழுதி வைக்கும் பதிவேட்டை, முழு விவரத்துக்கு உயர்த்தி வைத்தேன். ஃபைல் பதிவேற்றும் துணைப் பெயருக்குச் சான்றிதழ் இல்லை என்பதுதான் காரணம், சரி செய்ததும் படம் போனது. லாகைப் பழையபடி குறைக்க மறந்துவிட்டேன்.

ஐந்தாறு நாள் நன்றாகவே ஓடியது. அக்காவும் நானும் அதில்தான் பேசினோம். சர்வரின் டிஸ்கில் இடம் குறைகிறதே என்று ஒரு காலையில் லாகைத் திறந்தேன். யார் எந்த ஐபியிலிருந்து எப்போது இணைந்தார்கள் என்று வரிவரியாக இருந்தது. அதோடு இன்னொன்றும். பேட்டரி மிச்சமாகட்டும் என்று, செயலி இப்போது திரையில் திறந்திருக்கிறதா, பின்னால் போய்விட்டதா என்பதை அது சர்வரிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். அக்காவின் வரிகள்: 1:40 திறந்தது, 1:52 மூடியது, 2:35 திறந்தது, 3:10 திறந்தது. முந்தின இரவும் அப்படியே. அதற்கு முந்தின இரவும்.

அவள் தூங்குவதில்லை. என்னிடம் அவள் அதைச் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சர்வரில் அவளுடைய ஒரு செய்தியையும் நான் திறக்கவில்லை, என்க்ரிப்ஷன் துளி குறையாமல் வேலை செய்தது, அப்படியும் அவள் சொல்ல விரும்பாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது. தேடிப் போகவும் இல்லை, டிஸ்கில் இடம் பார்க்கப் போனேன். கண்காணிப்பு என்பது பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்களால் மட்டும் நடப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். பதிவு என்று ஒன்று இருந்தால் யாராவது ஒருநாள் எதற்காகவோ திறப்பார்கள், திறந்தவர் நல்லவராக இருந்தாலும் பார்த்ததைப் பாராதது ஆக்க முடியாது.

லாகை அழித்தேன், சர்வரையும் அன்றே நிறுத்தினேன். சொந்த சர்வர் கூடாது என்று நான் சொல்லவில்லை. லாகை அளவாக வைத்து, பழையதை உடனுக்குடன் அழித்து ஒழுங்காக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஐந்து பேர் உள்ள சர்வரில், நடத்துகிறவருக்கு அந்த ஐந்து பேரையும் முகம் தெரியும். கோடிக்கணக்கான பேரில் ஒருவராக இருப்பதன் மறைவு அங்கே கிடைக்காது. என் குடும்பத்துக்கு நான் அந்த இடத்தில் இருக்க விரும்பவில்லை.

அக்காவிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேரில் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள். கோபமில்லை, ஆனால் அந்தக் குரல் எனக்கு நினைவிருக்கும்.

அவள் போனில்

அன்றைக்கே அவள் போனையும் எடுத்து உட்கார்ந்தோம். என் பக்கம் எவ்வளவு அடைத்தாலும் மறுமுனை திறந்திருந்தால் பாதி வேலைதான். இணைத்த சாதனங்கள் ஒன்றுமில்லை. பேக்கப் பூட்டாமல் இருந்தது, பூட்டினோம், இந்த முறை அவள் எழுத நான் படித்தேன். விசைப்பலகை எங்கிருந்தோ இறக்கியது, தட்டுவதை எல்லாம் கற்றுக்கொண்டு பரிந்துரை செய்யும் வகை, அதை எடுத்துவிட்டு போனோடு வந்ததையே வைத்தோம். செயலிகளில் இன்காக்னிட்டோ கீபோர்ட் என்று ஒரு வசதி இருக்கிறதே என்று கேட்கலாம், அது விசைப்பலகையிடம் 'கற்றுக்கொள்ளாதே' என்று வைக்கும் வேண்டுகோள்தான், கேட்பதும் கேட்காததும் அதன் இஷ்டம்.

பெகாசஸ் மாதிரி போனுக்குள் புகும் உளவு மென்பொருள் ஒன்று வந்தால் இதெல்லாம் தாங்குமா என்று அவள் கேட்டாள். தாங்காது. 2019-இல் வாட்ஸ்அப் அழைப்பில் இருந்த ஒரு ஓட்டை வழியாக அதை ஏற்ற சுமார் 1400 பேரின் போன்களைக் குறிவைத்தார்கள், அழைப்பை எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. போனுக்குள்ளேயே ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் நாம் திறந்து படிப்பதை அவரும் படிப்பார். செய்யக்கூடியது அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது, ஐபோன் என்றால், தாக்குதலுக்கு வழியாகக்கூடிய வசதிகளைக் கட்டுப்படுத்தும் லாக்டவுன் மோடை ஆன் செய்வது. பத்திரிகையாளர், வழக்கறிஞர், போராட்டக்காரர் என்றால் என்னைப் போன்ற ஒருவரின் அனுபவத்தோடு நிறுத்தாமல் இதையே தொழிலாகப் பார்ப்பவர்களிடம் போக வேண்டும்.

சிக்னலில் எங்கள் அரட்டைக்கு ஒரு வாரத்தில் மறையும் நேரம் வைத்தோம். அனுப்பியவர் பக்கம் அனுப்பியதிலிருந்தும், வாங்கியவர் பக்கம் படித்ததிலிருந்தும் கணக்கு தொடங்கும். நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் எந்த நேரக்கணக்கும் என்னைத் தடுக்காது. எடுக்கமாட்டேன் என்றேன். தெரியும் என்றாள்.

கடைசியாகப் பாதுகாப்பு எண். இருவர் போனிலும் 60 இலக்கங்கள், ஐந்து ஐந்தாகப் பன்னிரண்டு கூட்டம், நடுவில் யாரும் வேறு சாவியைச் செருகவில்லை என்றால் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தாலே போதும், ஆனால் அவளுக்குப் படித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒரு கூட்டம் அவள், அடுத்தது நான். ஏழாவதில் அவள் குரல் கொஞ்சம் இளகியது. பன்னிரண்டாவதை இருவரும் சேர்ந்தே படித்தோம், சரியாக இருந்தது, சரிபார்த்ததாகக் குறித்துக்கொண்டோம். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மூன்று வாரமாகச் சொல்லாததை எல்லாம் சொன்னாள். அடுத்த ரிப்போர்ட் வியாழக்கிழமை வருகிறது.